மடியில் முளைத்த தென்னை

பயம் மலிவாகக் கிடைத்த வருஷம் ஒன்று இருந்தது. பெயர் வாயில் நுழையாத ஏதோ ஓர் ஊரின் விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பை ஒன்று வெடித்தது என்று சிலரும், வெடிக்கவில்லை, திறந்து பார்த்தால் உள்ளே இட்லிப் பானைதான் இருந்தது என்று வேறு சிலரும் சொன்னார்கள். வெடித்ததா, இட்லிப் பானையா என்று முடிவாவதற்குள் பயம் விசா எடுக்காமல், வரிசையில் நிற்காமல், எல்லா நாட்டுக்கும் போய் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் விமானம் ஏறுகிறவர்கள் முதலில் பக்கத்து சீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு அவர் காலடியில் இருந்த பையைப் பார்த்தார்கள், பிறகு மறுபடியும் முகத்தைப் பார்த்துவிட்டு, தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வருஷம் கார்த்திகை மாசத்தில் கலியமூர்த்தி, தாடியும் கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக, தலையில் இருமுடியோடு வளைகுடாவிலிருந்து ஊருக்குக் கிளம்பினான்.

கலியமூர்த்திக்குச் சாரம் கட்டுகிற வேலை. மேகத்தை இடிக்கிற கட்டடங்களில் இரும்புக் குழாய்களைப் பூட்டி அதன்மேல் நடக்கிறவன், தரையில் நடக்கும்போதுதான் தடுமாறுவான். மலைக்கு மாலை போட்டது அவன்தான் என்றாலும் வேண்டுதல் அவனுடையது இல்லை. அறைத் தோழன் வைரக்கண்ணுவுடையது. வைரக்கண்ணு வேலை பார்த்த கம்பெனி மூடிப்போய், பாஸ்போர்ட்டுகளை வைத்துப் பூட்டிய அலமாரியின் சாவியோடு முதலாளி எங்கோ மறைந்துவிட்டதால், அவன் அங்கே இருக்கவும் முடியாமல் அங்கிருந்து கிளம்பவும் முடியாமல், தொழிலாளர் கேம்பின் மொட்டைமாடியில் மற்றவர்களின் துணிகளோடு துணியாகக் காய்ந்துகொண்டிருந்தான். ஊரில் அவன் மனைவி அலமேலு, முகம் மறந்துவிடக் கூடாது என்று கல்யாண போட்டோவை எதிரே வைத்துக்கொண்டுதான் போனில் சண்டை போடுவாள்.

தேங்காயின் கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்து, நெய்யைத் தானே உருக்கித் தன் கையாலேயே ஊற்றி, மெழுகு வைத்து அடைத்துக் கொடுத்தவன் வைரக்கண்ணுதான். "இது சிந்தாம சன்னிதானம் போய்ச் சேர்ந்துட்டா, நானும் ஊர் வந்து சேர்ந்துருவேன்டா," என்றான். "வழியில சிந்திச்சுன்னா வச்சுக்க, என்னைய இங்கேயே மறந்துருங்க."

வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகிற எவனும் தன் சாமானை மட்டும் கொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை. கிளம்புகிறான் என்று தெரிந்தால் போதும், முன்பின் தெரியாதவனெல்லாம் சட்டென்று அண்ணனாகி, தம்பியாகி, ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்து நிற்பான். அதனால் விமானக் கம்பெனியின் கவுண்டரில் இருந்த பெண், "யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினாங்களா?" என்று கேட்டபோது, கலியமூர்த்தி, அவனுக்கு முன்னால் நின்றவர்களும் பின்னால் நின்றவர்களும் சொன்ன அதே பதிலை, அதே முகத்தோடு சொன்னான்: "இல்லை."

சோதனையிடத்தில் மோப்ப நாய் இருமுடியைச் சுற்றி வந்து, மூக்கை நீட்டி மோந்து, அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டது. அந்த நாய் ஒரு பொருளுக்கு முன்னால் உட்கார்ந்தால் உள்ளே வெடிமருந்து இருக்கிறது என்று அர்த்தம். வரிசையில் நின்ற கூட்டம் முழுக்க மூச்சை இழுத்துப் பிடித்தது. ஆனால் அன்றைக்கு நாய் உட்கார்ந்தபிறகு நாக்கைச் சுழற்றி இரண்டு கடைவாயையும் நக்கிக்கொண்டது. அதிகாரி குனிந்து தானும் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "நெய்," என்று சொல்லிப் போகச் சொன்னார். நாய் நக்கியதை யாரும் பார்க்கவில்லை. உட்கார்ந்ததைத்தான் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

விமானத்தில் கலியமூர்த்திக்கு நடு சீட். ஜன்னலோரம் அதிராம்பட்டினத்து அத்தர் வியாபாரி நைனா முகம்மது, நெஞ்சு வரை வெள்ளைத் தாடி. நடைபாதை ஓரம் ஓய்வுபெற்ற தாசில்தார் குஞ்சிதபாதம், மகன் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறவர். நடைபாதைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி அகிலாண்டம். இருமுடியைத் தரையிலும் வைக்கக் கூடாது, பெட்டிகளுக்கு அடியிலும் போடக் கூடாது என்று கலியமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டதும், நாகர்கோவில்காரியான பணிப்பெண் ரோஸ்லின், "மடியிலயே வச்சுக்குங்க, நான் பாக்கல," என்று சொல்லிவிட்டு, இருமுடியையும் சேர்த்துப் பெல்ட்டைப் போட்டுவிட்டாள்.

விமானம் கிளம்பியதும் குஞ்சிதபாதம் விசாரணையைத் தொடங்கினார். முப்பது வருஷம் பட்டா மாறுதலுக்கு வந்தவர்களையெல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டே பழகியவர்.

"எந்த ஊரு?"

"அரியலூர்ப் பக்கம், சாமி." மாலை போட்டவன் எதிரே இருக்கிற எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும்.

"மலைக்கா போற?"

"ஆமாம், சாமி."

"அப்படியா? சரி, பதினெட்டாம் படியில மொத்தம் எத்தனை படி?"

கலியமூர்த்தி பயத்தில் விரலை மடக்க ஆரம்பித்தான். ஜன்னலோரத்திலிருந்து நைனா முகம்மது விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலியமூர்த்தியின் காதோரம் சாய்ந்தார்.

"பயப்படாதீங்க சாமி. இத்தனை வருஷமா எந்த ஃபிளைட்டுல ஏறினாலும் இந்த வேலையை நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் என்னைத்தான் பாப்பாங்க, நான் அத்தர் பாட்டிலைத் தொறந்தா பத்து பேரு மணி அடிப்பாங்க. இன்னைக்கு அந்த வேலையை நீங்க பாக்குறீங்க. எனக்கு லீவு. அல்லா உங்களுக்கு நல்ல ஆயுசைக் குடுக்கட்டும்." சொல்லிவிட்டு, பல வருஷத்துத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கப் போகிறவர் மாதிரி கால்களை நீட்டிக்கொண்டார்.

குஞ்சிதபாதம் இருமுடியையே பார்த்தார். முன் சீட்டுக்காரர்கள் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள், பின் சீட்டுக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள், நாய் உட்கார்ந்த கதை வால் முளைத்துக் கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. அத்தனை பார்வையும் வந்து குவிந்த இடத்தில், இருமுடியின் முடிச்சைத் தள்ளிக்கொண்டு, கிளிமூக்கு மாதிரி பச்சையாக ஒரு குருத்து வெளியே வந்தது.

கண் துளைத்துத் தண்ணீர் வடித்த தேங்காய் முளைக்காது. அது முளைத்தது.

குஞ்சிதபாதம் மணியை அழுத்தினார். "ஏம்மா, இந்த ஆளு மடியில என்னமோ முளைக்குது."

ரோஸ்லின் குனிந்து பார்த்தாள். "தென்னை, சார்."

"அது எனக்குத் தெரியாதா? இதை அனுமதிக்கலாமா?"

அவள் போய்க் கம்பெனியின் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கோழிக்கு விதி இருந்தது, குழந்தைக்கு இருந்தது, சக்கர நாற்காலிக்கும் சவப்பெட்டிக்கும்கூட இருந்தது, மரத்துக்கு இல்லை. "மரம் வளர்ந்துட்டிருக்கும்போது யாரும் சீட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது," என்று அவளே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாள், எல்லாரும் அதை ரொம்ப நாளாக இருக்கிற விதி என்று நம்பிக் கீழ்ப்படிந்தார்கள்.

தென்னை வளர்ந்தது. யாராவது உற்றுப் பார்த்தால் ஓர் ஓலை விட்டது, காதோடு காதாகப் பேசினால் ஒரு சாண் ஏறியது, விமானம் லேசாகக் குலுங்கி எல்லாரும் ஒரே நேரத்தில் கலியமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தபோது ஒரே வீச்சில் கூரையைத் தொட்டது. சாப்பாடு வந்து எல்லாரும் தட்டைப் பார்த்தபோது மட்டும் வளராமல் நின்றது. வேர்கள் அவன் தொடைகளைச் சுற்றிக்கொண்டு சீட்டின் கால்களைப் பிடித்துக்கொண்டதால் அவனால் அசைய முடியவில்லை. மேலே போக இடமில்லாத மரம் கூரையோடு வளைந்து, நடைபாதைக்கு நேர் மேலே முன்பக்கமாக நீண்டது.

"பார்வை பட்டா வளருது, சாமி," என்றார் நைனா முகம்மது ஒற்றைக் கண்ணைத் திறந்து. "எனக்குத் தாடி வளர்ந்ததும் இப்படித்தான்."

பயந்தார்கள் என்றாலும் மரம் மரம்தானே. நாலாவது வரிசையில் அழுகையை நிறுத்தாத கைக்குழந்தை ஒன்றுக்கு அதன் தாய் துப்பட்டாவைத் தென்னையில் கட்டித் தூளி போட்டாள், குழந்தை கட்டிய மாத்திரத்தில் தூங்கியது. யாரோ ஈரத்துண்டைக் காயப்போட்டார்கள். குலை தள்ளியதும் ரோஸ்லின் இளநீர் பறித்து, பழரசம் தீர்ந்துபோனவர்களுக்குக் கொடுத்தாள், அவர்கள் கலியமூர்த்தியைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே குடித்தார்கள், வழுக்கை இருக்கிறதா என்றும் கேட்டார்கள். அகிலாண்டம் கைக்கெட்டிய ஓலைகளை உருவி மடியில் போட்டு ஈர்க்குச் சீவ ஆரம்பித்தாள்.

"என்னடி பண்றே?" என்றார் குஞ்சிதபாதம்.

"விளக்குமாறு. ஊர்ல இந்த மாதிரி ஈர்க்கு எங்க கிடைக்குது?"

"அவன் குண்டு வச்சிருக்கான்னு சொல்றேன், நீ விளக்குமாறுங்கிறே."

"வெடிச்சா யாரு பெருக்குறது? நான்தானே?"

தென்னையின் தலை ஓரிடத்தில் நிற்காததை முதலில் கவனித்தவர் குஞ்சிதபாதம்தான். கூட்டம் யாரைச் சந்தேகப்படுகிறதோ அவர் தலைக்கு மேல் போய் அது கவிழ்ந்து நின்றது. அடிக்கடி கழிவறைக்குப் போய் வந்த ஓர் இளைஞனின் பக்கம் நகர்ந்தது. அவன், "சுகர் சார், சத்தியமா சுகர்," என்று மாத்திரைப் பட்டையை எடுத்து எல்லாருக்கும் காட்ட வேண்டியதாயிற்று. போர்வைக்குள் எதையோ விரலால் எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மேல் போய் நின்றது. அது ஜெபமாலை. கோயிலில் பூசாரி குறி சொல்லும்போது கூட்டம் எப்படி வாய் பார்த்து நிற்குமோ அப்படி இப்போது மொத்த விமானமும் தென்னையின் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது, தன் பக்கம் வரும்போது உடம்பைச் சுருக்கிக்கொண்டது, தாண்டிப் போனதும் அடுத்தவனைப் பார்த்து, "அப்பவே நினைச்சேன்," என்றது.

விமானியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "கேபினில் தென்னை ஒன்று வளர்ந்து வருவதாக அறிகிறோம். கூரை இதற்கு மேல் தாங்காது. பயணிகள் சந்தேகப்படுவதைத் தயவுசெய்து குறைத்துக்கொள்ளவும்."

அப்புறம் குஞ்சிதபாதம் தாழ்ந்த குரலில், "இவரு ஏன் இதைச் சொல்றாரு? இவருக்கு என்ன பயம்?" என்றார். அவ்வளவுதான். தென்னை சரசரவென்று நீண்டு போய் விமானி அறையின் கதவைத் தன் தலையால் டொக் டொக்கென்று தட்டியது. உள்ளேயிருந்து, "யாரு?" என்று கேட்டார்கள். கூரைத் தகடு ஒன்று முனகியது, ஆணி ஒன்று தெறித்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தவரின் குவளையில் விழுந்தது.

இனிமேல் பொறுக்க முடியாது என்று குஞ்சிதபாதம் எழுந்தார். மரத்தை அடியோடு வெட்டிவிட வேண்டும், தேங்காயையும் உடைத்து உள்ளே இருப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். வெட்டுவதற்கு விமானத்தில் இருந்ததெல்லாம் சாப்பாட்டோடு கொடுத்த பிளாஸ்டிக் கத்திகள்தான். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு ஒரு படையாகக் கலியமூர்த்தியைச் சுற்றி நின்று, தென்னையின் அடியைச் சுரண்ட ஆரம்பித்தார்கள். கத்திகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன.

கலியமூர்த்தி இரண்டு கையாலும் தேங்காயைப் பொத்திக்கொண்டான். "வேணாம், சாமி. உடைச்சிராதீங்க, சாமி. இது என்னோடது இல்ல."

சுரண்டியவர்கள் நிறுத்தினார்கள்.

"உன்னோடது இல்லையா?"

"இன்னொருத்தன் கொடுத்துவிட்டது. நெய் சிந்தாமப் போய்ச் சேர்ந்தாத்தான் அவன் ஊர் வந்து சேருவான். எனக்கு வேற ஒண்ணும் தெரியாது, சாமி."

"கவுண்டர்ல கேட்டாங்களே, யாராவது ஏதாவது கொடுத்தனுப்பினாங்களான்னு. நீ இல்லைன்னியே! என் காதால கேட்டேன்!" குஞ்சிதபாதம் கையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டீங்களா? வாயாலேயே ஒத்துக்கிட்டான்!"

விமானமே அதிரும்படி மரம் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அகிலாண்டம் ஈர்க்குக் கட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஏங்க, நம்ம பெட்டியில ஒரு பிஸ்கட் டப்பா இருக்கே, செல்லோடேப் சுத்துனது. அதை யாரு கொடுத்தா?"

"அது... நம்ம பையன் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர்."

"அவரு பேரென்ன?"

குஞ்சிதபாதம் வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. தென்னையின் தலை விமானி அறைக் கதவிலிருந்து மெல்லக் கிளம்பி, நடைபாதை முழுக்க ஓலையால் தடவிக்கொண்டு வந்து, அவர் வழுக்கைக்கு மேலே நின்று, ஒரு குரும்பையை அதன்மேல் உதிர்த்தது.

அப்புறம் அது நிற்கவே இல்லை. எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள், மரம் இங்கேயும் அங்கேயும் பேய் பிடித்த மாதிரி ஆடியது, ஒவ்வொரு தலைக்கு மேலும் போய் நின்றது, ஒவ்வொருவராக எழுந்து மேலே இருந்த பெட்டிகளைத் திறந்து, யாரோ கொடுத்துவிட்ட பொட்டலத்தை எடுத்து வெளியே போட்டார்கள். குஞ்சிதபாதத்தின் டப்பாவில் அந்த எதிர்வீட்டுக்காரர் தன் அப்பாவுக்கு வாங்கிய பல்செட் இருந்தது. இன்னொன்றில் டோப்பா இருந்தது. ஒன்றில் கோடாலித் தைலம் மட்டுமே ஒரு டஜன். ஒன்றைப் பிரித்ததும் காலுறைக்குள் காலுறையாக ஏழு காலுறைக்குள் ஒரு மூக்குத்தி. தூளி கட்டிய பெண்ணிடம் யாரோ ஒருத்தன் தன் வருங்கால மனைவிக்குக் கொடுத்துவிட்ட பொம்மை, அழுத்தினால், "ஐ லவ் யூ," என்றது, இரண்டு வரிசைக்கு அப்பால் ஒரு பெரியவர் வெடிக்கப்போகிறது என்று சீட்டுக்கு அடியில் ஒளிந்தார். கவுண்டரில் இல்லை என்று சொல்லாதவர் அந்த விமானத்தில் யாரும் இல்லை.

"பாய், நீங்க?" என்றாள் ரோஸ்லின்.

"என்கிட்ட ஒண்ணும் கிடையாதும்மா," என்றார் நைனா முகம்மது. "இந்தத் தாடிக்கு எவன் பொட்டலம் கொடுத்தனுப்புவான்?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. சிரிப்பு அடங்கியபோது யாருக்கும் யாரையும் பார்க்கத் தெம்பில்லை. தென்னையும் அசையாமல் நின்றது. அந்த நிம்மதியில்தான் கலியமூர்த்திக்குத் தொடையில் வெதுவெதுவென்று ஏதோ பரவுவது தெரிந்தது. இருமுடியை அவிழ்த்தான். ஓடு குறுக்காகப் பிளந்து, வேர் வெளியே வந்த வழியாக, வைரக்கண்ணு ஊற்றிய நெய் முழுவதும் கறுப்பு வேட்டியில் இறங்கியிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தான், வேட்டியைப் பிழிந்து பார்த்தான், அதற்கப்புறம் பெரிய ஆள் என்பதையும் மாலை போட்டவன் என்பதையும் மறந்து விசித்து அழுதான். பிளாஸ்டிக் கத்தி வைத்திருந்தவர்கள் அதைச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டார்கள். குஞ்சிதபாதம் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை. விசும்பலுக்கு நடுவே அவன் வைரக்கண்ணுவின் கதையை, மொட்டைமாடியிலிருந்து அலமேலு வரைக்கும், சொல்லி முடிக்கும்வரை அவர் அதை நீட்டியபடியே இருந்தார்.

விமானம் ஊரில் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஓடுபாதை ஓரமாக நிறுத்திய விமானத்தைச் சுற்றித் துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள். கலியமூர்த்தியால் எழுந்திருக்க முடியாததால், ரோஸ்லின் சீட்டைத் தரையிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். நைனா முகம்மது ஒரு பக்கமும் சுகர் இளைஞன் ஒரு பக்கமும் சீட்டைத் தூக்க, மற்றவர்கள் தோளில் மரத்தைத் தாங்க, குஞ்சிதபாதம் முன்னால் தென்னந்தலையைப் பிடித்துக்கொண்டு, "வழி, வழி," என்று அதட்ட, தேர் நிலையிலிருந்து கிளம்புகிற மாதிரி அத்தனை பேரும் படியிறங்கினார்கள்.

கீழே நின்ற அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். அது அரசாங்கச் சந்தேகம். பயணிகளின் சந்தேகம் ஒரு சாண் வளர்த்தால் அது ஒரு பனை உயரத்துக்கு வளர்த்தது. சீட்டிலிருந்த வேர்கள் கலியமூர்த்தியின் தொடையை விட்டுவிட்டுத் தரையின் வெடிப்பில் இறங்கின, தென்னை நிமிர்ந்து, விளக்குக் கம்பங்களைத் தாண்டி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தையும் தாண்டி நின்றது.

"தேங்காயை யார் கொடுத்தது?" என்றார் அதிகாரி.

"வைரக்கண்ணு, சாமி."

"எங்கே இருக்கான்?"

"அங்க, கேம்புல."

"யார் அவன்? என்ன ஆள்?" அதிகாரியின் புருவம் நெறிந்தது. நெறிந்ததும் தென்னையின் தலை மெல்ல மேற்கே திரும்பியது.

கலியமூர்த்தி அண்ணாந்து பார்த்தான். அதிகாரியைப் பார்த்தான். மறுபடியும் மரத்தைப் பார்த்தான். அழுது வீங்கிய அவன் முகத்தில் ஒரு திருட்டுக்களை வந்து உட்கார்ந்தது. மாலை போட்டவன் பொய் சொல்லக் கூடாது. கவுண்டரில் சொன்ன மாதிரி இந்தத் தடவை அவன் பொய் எதுவும் சொல்லவில்லை.

"அவனைப் பத்தி எதுவுமே சொல்றதுக்கில்ல, சாமி," என்றான் குரலைத் தாழ்த்தி. "அவன்கிட்ட பாஸ்போர்ட் கிடையாது."

மரம் சாய்ந்தது.

"பகல்ல வெளியவே வரமாட்டான். போலீஸைக் கண்டா ஓடி ஒளிஞ்சிக்குவான்."

இன்னும் சாய்ந்தது. முதலில் புரிந்துகொண்டவர் நைனா முகம்மதுதான். காலமெல்லாம் எது எதற்காகத் தன்னைத் தனி அறைக்குக் கூட்டிப்போனார்களோ அத்தனையும் அவருக்கு மனப்பாடம். "மொட்டைமாடியிலயே இருப்பானாம், சார். வானத்தைப் பாத்துக்கிட்டு. ஏரோபிளேன் போனா எழுந்து நின்னு பாப்பானாம்."

"நெய்யை அவனே உருக்குவானாம்," என்றான் சுகர் இளைஞன்.

"பொண்டாட்டிகிட்டகூட முகத்தைக் காட்டினதில்லையாம்!" என்றாள் அகிலாண்டம்.

கடைசியாகக் குஞ்சிதபாதம் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நான் ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அதிகாரி. பொறுப்போட சொல்றேன். என் சர்வீஸ்ல இப்படிப்பட்ட ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை." அதுவும் உண்மைதான், அவர் வைரக்கண்ணுவைப் பார்த்ததே இல்லை. "இதை நீங்க மேலிடத்துக்குச் சொல்லலைன்னா, நாளைக்கு உங்களைத்தான் கேப்பாங்க."

அதிகாரி மேலிடத்துக்குப் போன் செய்தார். மேலிடம் அதற்கு மேலிடத்தைக் கூப்பிட்டது. சந்தேகம் ஒவ்வொரு படியாக ஏறஏற, தென்னை வில்லாக வளைந்து, தொடுவானத்தில் இருந்த மலைகளின் மேலாகப் போய், கண்ணுக்குத் தெரியாத கடலின் மேலாகப் போனது. வழியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தலைக்கு மேலே ஒரு நிழல் போவதைப் பார்த்துவிட்டு, நல்ல நிழல் என்று அதன் அடியிலேயே படகை விட்டார்களாம்.

கலியமூர்த்தி வைரக்கண்ணுவுக்குப் போன் போட்டான்.

"மாடியிலதானே இருக்கே, சாமி? அங்கேயே நில்லு. தென்னை வரும், பிடிச்சுக்க."

"டேய், மாலையைப் போட்டுக்கிட்டுக் குடிச்சியா?"

"வந்ததும் கட்டிக்கிட்டு நகர்ந்து வா. வழுக்கும், பாத்து."

"கலியா, உனக்கு வெயில் ஏறிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போ... டேய். டேய். என்னடா இது, துணியெல்லாம் தள்ளிக்கிட்டு..." போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வாசலில் காத்திருந்த உறவுக்காரர்களெல்லாம் உள்ளே பொட்டலச் சாப்பாடு கொடுத்தனுப்பினார்கள், துப்பாக்கிக்காரர்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அதிகாரி சோர்ந்து கண்ணசந்துவிட்டால் சந்தேகம் குறைந்து மரம் தளர்ந்துவிடுமோ என்று, நைனா முகம்மது அடிக்கடி அவர் எதிரே போய் நின்று தாடியைத் தடவி, "சார், அந்த வைரக்கண்ணு..." என்று ஆரம்பிப்பார். அவர் திடுக்கிட்டு விழிப்பார். மறுநாள் காலை வெயில் உறைக்க ஆரம்பித்தபோது மரம் அதிர்ந்தது. மேற்கே, உயரத்தில், ஒரு புள்ளி மலைகளுக்கு மேலே தோன்றி, அட்டை ஊர்கிற மாதிரி மரத்தோடு ஒட்டி ஊர்ந்து வந்தது. பனியனும் லுங்கியுமாக, இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பை முடிந்து, உள்ளங்கை உரிந்து, நெஞ்செல்லாம் சிராய்த்து, வைரக்கண்ணு சறுக்கிக்கொண்டே வந்து துப்பாக்கிகளுக்கு நடுவே தொப்பென்று விழுந்தான்.

அதிகாரி அவனை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். எலும்பு தெரிகிற தோளை, ஊசி வைத்துக் குத்திய பனியனை, உரிந்த உள்ளங்கையைப் பார்த்தார்.

"இவனா?" என்றார்.

அந்த ஒரு சொல்லில் அவருடைய சந்தேகமும், அவருடைய மேலிடத்தின் சந்தேகமும், அந்த வருஷத்துக்கென்று மிச்சமிருந்த எல்லாச் சந்தேகமும் தீர்ந்துபோயின. மரம் ஒரு பெருமூச்சு விட்டு வளர்வதை நிறுத்தியது. அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பேரு, ஊரு எழுதி வாங்கிட்டு அனுப்பு," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஏமாற்றமாக இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

வைரக்கண்ணு எழுந்து, உரிந்த கையை லுங்கியில் துடைத்தபடி கலியமூர்த்தியிடம் வந்தான்.

"நெய் எங்கடா?"

கலியமூர்த்தி வேட்டியைத் தூக்கிக் காட்டினான்.

"எல்லாமா?"

"எல்லாம்தான், சாமி."

வைரக்கண்ணு குனிந்து வேட்டி நுனியை மூக்கருகே பிடித்து மோந்தான். "பசுநெய்டா, பாவி. நின்னு நின்னு உருக்கினேன்." நைனா முகம்மதுவும் குஞ்சிதபாதமும் அகிலாண்டமும் சுற்றி நின்றார்கள். கொஞ்ச நேரம் வேட்டியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த வைரக்கண்ணு, அப்புறம்தான் காலில் ஏதோ சுட்டதுபோல் கீழே பார்த்து, எந்தத் தரையில் நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்து, வேட்டியை விட்டுவிட்டு, வெறுங்காலால் அந்தத் தரையை ஒரு தடவை மிதித்துப் பார்த்தான். நம்பிக்கை வராமல் மறுபடியும் மிதித்தான்.